அடுத்த நிமிஷத்துக்கு என்னா வெல?

மலாயா முழுவதும் அவசரகாலம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் எடுத்துக்கொண்டு நடந்தவர் நாட்டிலேயே ஒருவர்தான். அவர் ரந்தாவ் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தின் லாரி டிரைவர். மற்றவர்களுக்கு அது முள்கம்பி வேலி, அடையாளக் கார்டு, ஊரடங்கு, காட்டுக்குள் கேட்கும் துப்பாக்கிச் சத்தம். அவருக்கு மட்டும் அது அவசரம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். தோட்டத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய கங்காணி முதல் பிள்ளைக் கொட்டகைக் குழந்தைகள் வரை எல்லோருக்கும் அவர் 'அடுத்தது'. எதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும், "ஆனதெ விடுங்க, அடுத்ததுக்கு என்னா வெல?" என்று கேட்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்ன தொரை ஒருநாள் காலைப் பெரட்டில், வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். அரைகுறைத் தமிழில், "டிரைவர் பேர் என்ன?" என்றார்.

"அடுத்தது தொரை" என்றார் ஆட்களை மேய்க்கும் மண்டோர்.

தொரை தலையாட்டிவிட்டு, டிரைவருக்கு அடுத்து நின்றவரிடம் போய், "நீ டிரைவரா?" என்று கேட்டார். அது பால்வெட்டும் அஞ்சலையக்கா. கையில் பால்வாளியோடு நின்றவர் பயந்துபோய், "ஆமாங்க தொரை" என்று சொல்லிவிட்டார். அந்த மாதம் முழுக்க அஞ்சலையக்காவைப் பார்க்கும்போதெல்லாம் சின்ன தொரை லாரியின் பிரேக் எப்படியிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவந்தார்.

நான் அப்போது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார். எனக்கென்று இருந்த வீட்டில், தோட்டத்தைக் காவல் காக்க வந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைக் குடிவைத்துவிட்டார்கள். மலாய்க்காரப் பையன்கள், நல்ல பிள்ளைகள், என் கட்டிலும் அவர்களிடமே போய்விட்டது. என்னைத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், தனிக்கட்டையாக இருந்த அடுத்ததோடு ஓர் அறையில் சேர்த்தார்கள். எங்களுக்குள் வயது வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு இருக்கும். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை வாத்தியாரே என்பார்.

அவருடைய கொள்கை முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்து வேலிக்கு ஒரே ஒரு கேட்டு. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று காலையில் ஒவ்வொருவரின் பையையும் தூக்குவாளியையும் சோதித்து வெளியே விடுவார்கள். மாலை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்து நிற்பவன் யார் என்று கேட்ட பின் சுடுவார்களா, சுட்ட பின் கேட்பார்களா என்பதில் தோட்டத்தில் இரண்டு கட்சி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லாரியில் சிரம்பானுக்குப் போய்வரப் பெரிய தொரை அனுமதித்திருந்தார்.

அன்று காலை எல்லோரும் ஏறியாகிவிட்டது. கங்காணி சம்சாரத்தை மட்டும் காணோம். அடுத்தது இன்ஜினை நிறுத்திவிட்டு, "மெதுவா வரட்டும் லா" என்று பீடியைப் பற்றவைத்தார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். இப்படியும் ஒரு பொறுமைசாலியா என்று வியந்தேன். அன்று மாலை நான்கு மணிக்கு அதே அம்மாள் பசாரில் மீன்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, லாரி அவரைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. அம்மாள் ஒரு கையில் செருப்பும் மறு கையில் மீனுமாக ஓடிவந்தார். அவரை இழுத்து ஏற்றிவிட்டோம். மீன் சாலையில் விழுந்துவிட்டது.

"காலையில முக்கா மணி நேரம் நின்ன மனுசனுக்கு இப்ப அஞ்சு நிமிஷம் நிக்க முடியாதா? பாவி!" என்று கத்தினார் கங்காணி சம்சாரம்.

அடுத்தது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பதில் சொன்னார். "காலையில நேரம் சும்மா கெடந்துச்சு, அள்ளிக் குடுத்தேன். நாலு மணிக்கு மேல அப்படி இல்லம்மா. கேட்டு சாத்துற நேரம் கிட்ட வர வர, ஒவ்வொரு நிமிஷமும் முந்தின நிமிஷத்தெவிட வெல கூடிக்கிட்டே போவும். அதோட, உங்களுக்கு நான் குடுக்கிறது அஞ்சு நிமிஷம் இல்ல. லாரியில உள்ள ஆளுக்கெல்லாம், ஆளுக்கு அஞ்சு நிமிஷம்."

"என் மீனு?"

"மீனு அடுத்த ஞாயித்துக்கிழமையும் சிரம்பான்ல கெடைக்கும்."

இதனால் அதிகம் அடிபட்டது சினிமாதான். மதிய ஆட்டம் முடிந்து கிளம்பினால் ஆறு மணிக்கு வந்து சேர முடியாது. ஆகவே கதாநாயகன் கையில் கத்தியை எடுக்கும் நேரத்தில் வெளியே லாரி ஹாரன் அடிக்கும். எங்கள் தோட்டத்து ஜனம் மொத்தமும் எழுந்து, திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து வெளியே வரும். எங்கள் தோட்டத்தைப் பொறுத்தவரை எந்தப் படத்திலும் வில்லன் செத்ததில்லை. பிரிந்த காதலர்கள் பிரிந்தவாறே இருந்தார்கள். ஆற்றில் விழுந்த குழந்தையை எடுக்க ஆளில்லை. திரும்பி வரும்போது லாரியில் கலகம் நடக்கும்.

"அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தோமே, எல்லாம் வீணாப்போச்சே!"

"பார்த்தது உங்ககிட்டத்தானே இருக்கு? அதெ யாரு புடுங்கினா?" என்பார் அடுத்தது. "இன்னும் கால் மணி நேரம் பார்த்தா என்னா கெடைக்கும், அதுக்கு என்னா குடுக்கணும், அதெ மட்டும் பாருங்க. முடிவு தெரியணும்னா வாத்தியாரெக் கேளுங்க, படிச்சவரு."

அதிலிருந்து முடிவு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒருமுறை கதாநாயகியைச் சாகடித்துவிட்டேன். ஒரு வாரம் எனக்குக் கோழிக்குழம்பு வரவில்லை.

அவருடைய கணக்கு லாரியோடு நிற்கவில்லை. ரந்தாவ் கடையில் டீ குடிக்க உட்காருவார். பாதி குடித்ததும் வெளியே வானத்தைப் பார்ப்பார், எழுந்துவிடுவார். "மிச்சம் இருக்கே டிரைவரே?" என்பார் கடைக்காரர். "மிச்ச டீ உங்களுக்கு, மிச்ச நேரம் எனக்கு." ஆபீஸில் கணக்கு எழுதிவந்த பெரிய கிராணி ஓய்வுபெற்றபோது நடந்த பிரிவுபசாரத்தில், கிராணி தான் கப்பலேறி வந்த கதையைத் தொடங்கி, கப்பல் இன்னும் நாகப்பட்டினத்தைவிட்டுக் கிளம்பாத நிலையில் ஒரு மணி நேரம் கடந்துவிட்டது. அடுத்தது எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, மொத அஞ்சு நிமிஷம் ரொம்ப நல்லா இருந்துச்சு. இப்ப ஓடுற நிமிஷம் யாருக்கும் கட்டுபடியாவல" என்றார். கிராணி அந்த இடத்திலேயே மலாயா வந்து இறங்கிவிட்டார்.

கணக்கு அவரையே கவிழ்த்ததும் உண்டு. ஒரு காலை முடிதிருத்துபவரிடம் மீசையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் எடுத்து முடித்த நேரத்தில், ரப்பர் ஷீட் லாரிக்குக் காவலாக வரும் போலீஸ் வண்டி கேட்டில் வந்து நின்றது. "ரெண்டே நிமிஷம் லா, இந்தப் பக்கத்தையும் எடுத்திடறேன்" என்று முடிதிருத்துபவர் கெஞ்சினார். "இந்த ரெண்டு நிமிஷத்துக்குப் போலீஸ் நிக்காது" என்று துண்டை உதறிவிட்டு ஓடினார். வழியில் சோதனைச் சாவடியில், அடையாளக் கார்டில் இருக்கும் முழு மீசைக்கும் முகத்தில் இருக்கும் அரை மீசைக்கும் பொருந்தவில்லை என்று பிடித்துவைத்துக்கொண்டார்கள். பெரிய தொரை டெலிபோனில் பேசி, அந்த அரை மீசை எங்கள் தோட்டத்து மீசைதான் என்று உறுதி சொல்லி மீட்க வேண்டியிருந்தது.

நான் சிரித்துச் சிரித்து ஓய்ந்த ஒரு மாலையில், பிள்ளைக் கொட்டகை ஆயா மாரியாயி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்து லாரி டிரைவர் ஒருவர் அடுத்ததின் நெருங்கிய சிநேகிதராம். யாரோ ஒருவர் சாமான் வாங்கி முடிக்கட்டும் என்று காத்திருந்து, அந்தி நேரத்தில் திரும்பியிருக்கிறார். காட்டோரத்தில் வழிமறித்து லாரியைக் கொளுத்திவிட்டார்கள். அவர் வீடு திரும்பவில்லை. "அதுக்கு முந்தி இவனும் எல்லாரையும் போலத்தான் இருந்தான் தம்பி" என்றார் ஆயா. அடுத்தது இதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

அந்த ஆயாதான் அவருக்குப் பெண் பார்த்தார். தம்பினில் ஒரு துணிக்கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த பாக்கியம். அண்ணன் ரயில்வேயில் வேலை. அடுத்தது பிடிகொடுக்கவில்லை. ஆனால் தம்பின் பக்கம் இருந்த இன்னொரு தோட்டத்துக்கு ரப்பர் கன்றுகள் ஏற்றிப்போகும்படி பெரிய தொரை உத்தரவிட்டதும் மனம் மாறினார்.

"லாரி எப்படியும் தம்பின் போவுது. எண்ணெயும் தொரையோடது, ரோட்டும் கவர்மென்டோடது. பொண்ணு பார்க்கிறதுக்குன்னு தனியா ஆவுற செலவு, அங்க உட்கார்ற கொஞ்ச நேரம் மட்டும்தான். வாங்க வாத்தியாரே" என்றார். உலகத்தில் இவ்வளவு ஆசையோடு யாரும் பெண் பார்க்கப் போயிருக்க மாட்டார்கள்.

ஆயா, நான், அவர், மூவரும் கன்றுகளை இறக்கிவிட்டுப் பெண் வீட்டுக்குப் போனோம். சாவடிகளில் நின்று திரும்ப இரண்டரை மணி நேரம் வேண்டும். மூன்றரைக்கு எழுந்தாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பெண்ணின் அண்ணன் ரயில்வேயைப் பற்றிப் பேசினார். காப்பி வந்தது. பலகாரம் வந்தது. பெண் வரவில்லை. உள்ளே மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாக்கியம், வாம்மா!" என்று அண்ணன் கூப்பிட்டார்.

"ஒரு கைதான் பாக்கி. முடிச்சிட்டு வாரேன், இருக்கச் சொல்லுங்க" என்று குரல் வந்தது.

அடுத்தது கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். ஆயா வேட்டியைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. செருப்பை மாட்டும்போது, கழுத்தில் அளவு நாடாவோடு பாக்கியம் வாசலுக்கு வந்துவிட்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஆறு மணிக்கு எங்க கேட்டெ சாத்திடுவாங்க."

"அதுக்கு எத்தனை மணிக்குப் போவணும்?"

"மூணரைக்கு."

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே. அதுக்குள்ள எழுந்துட்டா அந்த அஞ்சு நிமிஷத்தெ எங்க கொண்டுபோய் வைப்பீங்க?"

அடுத்தது கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள பார்க்க வந்திருக்கிற நேரத்துலயா தைப்பாங்க?" என்று கேட்டார், கொஞ்சம் விறைப்பாக.

"மிஷின்ல செவப்பு நூலு ஏத்தியிருந்தேன். அதே செவப்புல இன்னொரு ரவிக்கை கெடந்துச்சு. ஏத்தின நூலுலயே தச்சா அதுக்குத் தனியா ஒரு சிரமமும் இல்ல. எறக்கிட்டு வந்தா நாளைக்கு மறுபடி மொதல்லருந்து. அதான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஊருக்கு ஊர் அலைந்து, தன் பாஷை பேசும் ஓர் ஆளை ஒருவழியாகக் கண்டுபிடித்தவனின் முகம் அது.

"அப்ப, நூலு கலரு மாத்தினாத்தான் செலவு?" என்று கேட்டார். விறைப்பு போய்விட்டிருந்தது.

"ஆமா. அதனால வெள்ளையெல்லாம் ஒருநாள், கறுப்பெல்லாம் ஒருநாள். அவசரம்னு வாரவங்களுக்கு மட்டும் கலரு மாத்துவேன். அதுக்குக் கூலி வேற."

"அதெ ஒத்துக்குவாங்களா?"

"திட்டுவாங்க. உங்க லாரியில திட்ட மாட்டாங்களா?"

மூன்றரை அடித்தது. "அண்ணே" என்றேன். "இருங்க வாத்தியாரே" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "அண்ணே" என்றேன். அவர் மீன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியம் அளவு நாடாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான்கு ஆயிற்று. ஆயா என்னைக் கிள்ளினார், நான் அவரைக் கிள்ளினேன், அவர் அசையவில்லை. இரண்டாவது காப்பியையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நாங்கள் லாரியில் ஏறியபோது ஏறக்குறைய ஐந்து.

வழியெல்லாம் ஆயா எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டு வந்தார். ரம்பாவ் தாண்டியதும் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் கறுத்து நெருங்கி வந்தன. அப்போதுதான் அடுத்தது பேசுவதை நிறுத்தினார். "தலையெக் குனிஞ்சுக்குங்க ரெண்டு பேரும்" என்றார். நானும் ஆயாவும் சீட்டுக்குக் கீழே சுருண்டோம். அவர் குனியவில்லை, குனிந்தால் யார் ஓட்டுவது?

கேட்டு சாத்தியிருந்தது. தூரத்திலேயே லாரியை நிறுத்தி, விளக்கை அணைத்து ஏற்றி, கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "சியாப்பா?" என்று, யார் அது என மலாயில் கேட்டு, உள்ளிருந்து ஒரு குரல். கூடவே வானத்தை நோக்கி ஒரு வெடி. கேட்ட பின்தான் சுடுவார்கள் என்ற கட்சி அன்று ஜெயித்தது. "நான்தான்டா, ஒனக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்த மாரியாயி!" என்று ஆயா போட்ட சத்தத்தில் இரண்டாவது வெடி வெடிக்கவில்லை.

பெரிய தொரை வரும்வரை திறக்க முடியாது என்றார்கள். அதற்குள் லயத்து ஜனம் முழுவதும் வேலிக்கு அந்தப் பக்கம் கூடிவிட்டது. கங்காணி சம்சாரம் முள்கம்பியின் இடைவெளியில் முகத்தை வைத்து, "என்னா டிரைவரே, மீனு வாங்க எறங்கினீங்களா?" என்று கேட்டார். ஒரே கூச்சல், சிரிப்பு. அடுத்தது அசட்டுச் சிரிப்போடு நின்றார்.

தொரை வந்தார். ஏன் தாமதம் என்று கேட்டார். அடுத்தது தமிழிலேயே பதில் சொன்னார்.

"தொரை, மூணரையிலருந்து ஒவ்வொரு நிமிஷமாத்தான் வெல கேட்டேன். ஒவ்வொண்ணும் அந்த வெலைக்குத் தகுந்ததாவே இருந்துச்சு. நான் என்னா செய்ய?"

தொரை என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறான் என்று கேட்டார். "டயர் பஞ்சர்" என்று நான் இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். தொரை டார்ச் அடித்து எல்லா டயரையும் சுற்றிவந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாள் முதல் அடுத்தது புல்வெட்டும் கூட்டத்தில்.

புது டிரைவர் ஸ்டோர் கிராணியின் மச்சான். தங்கமான பையன். எல்லோருக்கும் காத்திருந்தான். காலையிலும் காத்திருந்தான், மாலையிலும் காத்திருந்தான். ஜனம் கொண்டாடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டம் முதல்முறையாக ஒரு படத்தை முடிவுவரை பார்த்தது. வில்லன் சாகவில்லை, திருந்திவிட்டான். எல்லோருக்கும் பெரிய ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தோடு வந்து பார்த்தால் கேட்டு சாத்தியிருந்தது. தொரை கிளப்புக்குப் போயிருந்தார். திறந்த லாரியில், இருட்டிக்கொண்டு வரும் காட்டுக்கு எதிரே, எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தி மடியில் அமுக்கிக்கொண்டார்கள். மரத்தில் ஒரு குரங்கு கிளையை முறித்தபோது லாரி மொத்தமும் ஒரே ஆளாகக் குலுங்கியது. தொரை வந்த பிறகுதான் கேட்டு திறந்தது.

வேலிக்கு உள்ளே, எங்களுக்கு நேராக, அடுத்தது ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். கேலி செய்ய எல்லா உரிமையும் இருந்தது. அவர் முகம் செத்துப்போயிருந்தது. ஒவ்வொருவராக இறங்கி உள்ளே வர, தலைகளை எண்ணுவதுபோல உதடு அசைந்தது. கடைசி ஆள் வந்த பிறகே உட்கார்ந்தார்.

மறுநாள் பெரட்டில் பெண்கள் எல்லோரும் தொரையைச் சூழ்ந்துகொண்டார்கள். கங்காணி சம்சாரம்தான் முதலில் பேசினார். "எங்களுக்குப் படம் முடிவு வேணாம் தொரை. வீடு வந்து சேர்ந்தாப் போதும். அந்தாளுகிட்டயே சாவியெக் குடுங்க." இந்த முறை நான் சரியாக மொழிபெயர்த்தேன்.

அடுத்த தை மாதம் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கல்யாணம். பூசாரி மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை நெளிந்தார். பாக்கியம் தலைகுனிந்தபடியே, "இன்னைக்கு மட்டும் மணி கேக்கக் கூடாது" என்றார். கேட்கவில்லை.

அவசரகாலம் முடியும் முன்பே எனக்குச் சிரம்பானுக்கு மாற்றல் வந்தது. தெமியாங்கில் ஒரு வாடகை வீடு. அடுத்ததுதான் லாரியில் கொண்டுவந்து விட்டார். பெட்டி, பாய், புத்தகக் கட்டு எல்லாவற்றையும் இறக்கிவைத்தார். பாக்கியம் கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடியை ஜன்னலோரம் வைத்தார். மணியைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. லாரியில் ஏறிப் போய்விட்டார். அவர் கல்யாணம்வரை ஒரே அறையில் கிடந்தவன், ஒரு வார்த்தைகூடப் பெறமாட்டேனா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பத்து நிமிஷம் கழித்துத் தெருவில் ஒரே ரகளை. சைக்கிள்காரர்கள் திட்ட, கோழிகள் பறக்க, அந்தக் குறுகலான தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. என் வீட்டு வாசலில் நின்றது. ஜன்னல் வழியாக அவர் தலையை நீட்டினார்.

"வாத்தியாரே, சொல்லிட்டுப் போவல. போய்ட்டு வாரேன்."

அவ்வளவுதான். போய்விட்டார். மாலையும் மேடையுமாக எனக்குப் பிறகு எத்தனையோ பிரிவுபசாரங்கள் நடந்தன. அவற்றில் பேசப்பட்ட ஒரு வாக்கியமும் நினைவில்லை. ஆனால் தெருவில் லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இன்றைக்கும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.